ஏழு மைலும் என் மாமனார் நடையும்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு வேலை மிகக் கொஞ்சம். கொடுத்த பலகாரத்தைத் தின்ன வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காத கேள்விக்கு வாயைத் திறக்கக்கூடாது. முதல் இரண்டையும் எந்த முட்டாளும் செய்துவிடுவான். மூன்றாவது, அரைகுறையாகப் படித்தவனால் மட்டும் முடியாத காரியம். நான் அரைகுறையாகப் படித்தவன்.

இது நடந்தது இருபதுகளில். (நூற்றாண்டைச் சொல்கிறேன். என் வயதும் அப்போது அதே இருபதுகளில்தான் இருந்தது.) மலாயாவில், பேராக் மாநிலத்துச் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் தகடுகளைப் புகைபோடும் கட்டடத்தை ஒட்டி அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. காற்று திரும்பினால் பிள்ளைகளும் புகைவார்கள், நானும் புகைவேன். மாலையில் வீட்டுக்குப் போகும்போது கருவாடு மாதிரி ஒரு வாசனை கூடவே வரும்.

எனக்கு அறிவு வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். துரை பங்களாவில் படித்துத் தள்ளிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் மிளகாய் மடிக்கக் காதர் பாய் கடைக்கு வரும். காதர் பாய் எங்கள் சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர், தங்கமான மனிதர். மிளகாய் ஏறுவதற்கு முன்னால் நான் அந்தத் தாள்களைப் படித்துவிடுவேன். பாதி புரியும். புரியாத பாதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.

அப்படி ஒருநாள் படித்ததுதான் அந்தச் செய்தி. வெள்ளைக்காரர்கள் நிலாவுக்குப் போக யோசிக்கிறார்களாம். வாணவெடி மாதிரி ஒரு யந்திரமாம். அது பூமியை விட்டுப் போக வேண்டுமென்றால் ஒரு விநாடிக்கு ஏழு மைல் வேகம் வேண்டுமாம். கொஞ்சம் குறைந்தாலும் பூமி பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதோ நானே மறுநாள் காலையில் கிளம்பப் போகிறவன் மாதிரி இருந்தது.

“விநாடிக்கு ஏழு மைலா?” என்றார் காதர் பாய். “இங்கேருந்து ஈப்போ ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான் வாத்தியாரே. தும்மி முடிக்குறதுக்குள்ள ஈப்போவா? சரக்கு எடுத்துட்டு வர செனாங்கா இருக்கும் லா!”

(செனாங் என்றால் மலாயில் வசதி, சுலபம். ‘லா’ எங்கள் ஊர்ப் பேச்சின் வால். நிலாப் பயணத்தின் வியாபாரப் பயனை உலகத்தில் முதலில் கண்டவர் காதர் பாய்தான் என்பது என் துணிபு.)

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் ஏழு மைலோடு ஒப்பிட ஆரம்பித்தேன். மாட்டுவண்டி, ரயில், துரையின் மோட்டார் எல்லாம் அந்தக் கணக்கில் பரிதாபமாகத் தோற்றன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மனிதன் நடை. மனிதன் மணிக்கு மூன்று மைல் நடப்பான். அந்த யந்திரம் மணிக்கு இருபத்தையாயிரத்து இருநூறு மைல். வகுத்தால் எட்டாயிரத்து நானூறு மடங்கு. மீதி இல்லாமல் வகுபட்டதைப் பார்த்ததும் கடவுளே எனக்காக உட்கார்ந்து போட்டுவைத்த கணக்கு என்று தோன்றியது. பிள்ளைகளைத் தினமும் அதையே ஒப்பிக்க வைத்தேன்.

இதற்கு நடுவில் தைப்பூசம் வந்தது. ஈப்போவில் குகைக் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் கச்சான் கடலை விற்கிறவரிடம் அளவு குறைகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி அளந்தார். “தலையத் தட்டாம அளங்க அண்ணே” என்றாள். மறுபடி அளந்தார். கடைசியில் அவர் கும்பிடு போட்டு இரண்டு கை கூடுதலாகவே கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சாமி கும்பிட்ட ஞாபகமே இல்லை. அந்தச் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

விசாரித்ததில் பெயர் பாக்கியம் என்று தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி அங்கமுத்துவின் ஒரே மகள்.

அங்கமுத்துக் கங்காணியை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட தடி. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, வேலை வாங்கி, யாரும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடாதபடி பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். ஆனால் அவர் பெருமைப்பட்டது அதற்காக அல்ல, தன் நடைக்காக. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் தடியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் கிளம்புவார். பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, “ஆமையா நீங்கள்லாம்? நட! நட!” என்று கத்துவார். எங்கள் தோட்டத்துச் சேவல் சோம்பேறி. நாங்கள் எழுந்தது அவர் குரலில்தான்.

காதர் பாய் எனக்காக அவரிடம் பெண் கேட்டுப் பேசிவிட்டு வந்தார்.

“ஜாதகம் வேணாமாம். அவரோட நடந்து காட்டணுமாம்.”

“நடக்கணுமா?”

“மலைமேல இருக்குற மேக்காட்டுலேருந்து கீழ ரப்பர் பால் சேக்குற ஸ்டோர் வரைக்கும். நடையப் பாத்தா ஆளச் சொல்லிடுவாராம். அவரு நடைக்கு ஈடு குடுத்தா பொண்ணு.”

“அவ்வளவுதானா?”

“அப்படிச் சொல்லாதீங்க லா. தெலுக் ஆன்சன்லேருந்து ஆபீசுல கணக்கெழுதுற ஒரு கிராணி வந்தாரு. நல்ல உத்தியோகம், நல்ல கலர். பாதி வழியில உக்காந்துட்டாரு. தண்ணி குடுத்து அனுப்பிச்சுட்டாங்க.”

எனக்கு அந்தக் கிராணியின் மேல் இரக்கமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. வாத்தியார் என்றால் கால் நன்றாக இருக்க வேண்டாமா என்று காதர் பாயே தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார். அவர் கால் என் காலைவிடப் பெரியது. முன்னால் காகிதம் அடைத்தோம். அடைத்த காகிதம் அந்த நிலாச் செய்தி வந்த தாள்தான். (எனக்கு அதை விட்டுப் பிரிய மனமில்லை.)

குறித்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டு மேக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். உச்சி வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. பால்வெட்டு முடிந்து, ஆட்கள் மங்குகளில் இருந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளிகள் தொங்க வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள். கங்காணி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காலில் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

“நடங்க வாத்தியாரே” என்றார்.

நடந்தோம். அவர் நடந்தார் என்றும் நான் பின்னால் தொலைந்துபோகாமல் இருந்தேன் என்றும் எழுதுவதே சரி. ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து ஒரு முறையும் அதற்குள் என் கால் ஒரு முறையும் தரையைத் தொட்டன. பின்னால் பால் வாளிகளோடு வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் முனியம்மா அக்கா என்று ஒருத்தி. தோட்டத்தில் கங்காணிக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான் என்று காதர் பாய் சொல்லியிருந்தார்.

“வாத்தியாருக்கு மூச்சு வாங்குது லா” என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

உண்மையில் மூச்சு வாங்கவில்லை. மூச்சே இல்லை. எங்கேயாவது ஒரு நிமிஷம் நிற்காவிட்டால் நானும் தெலுக் ஆன்சன் கிராணி கதிதான். பாக்கியம் வேறு யாருடைய வீட்டிலோ கச்சான் தின்பாள். அண்ணாந்து பார்த்தேன். மேற்கே மரக்கிளைகளுக்கு நடுவில் பகல் நிலா வெளுத்துப்போய்க் கிடந்தது.

“ஐயா, அதோ நிலா!” என்றேன்.

“பகல்ல நிலா இருந்தா என்ன? நடங்க.”

“அங்க போறதுக்கு வெள்ளக்காரங்க யந்திரம் செய்றாங்க ஐயா.”

கங்காணி நின்றுவிட்டார். என் நுரையீரலும் திரும்பி வந்தது. பின்னால் வந்தவர்களும் நின்று வாளிகளை இறக்கிவைத்தார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னால் ஐம்பது பேர், எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். என் வகுப்பில்கூட அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை.

கீழே கிடந்த ஒரு ரப்பர் கொட்டையை எடுத்து மேலே எறிந்தேன். “பாருங்க, மேல போவுது. திரும்பி வருது.” (திரும்பி வந்து அது கங்காணியின் தலைப்பாகை மேல் விழுந்தது. அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.) “இன்னும் வேகமா எறிஞ்சா இன்னும் ஒசரம் போகும். அப்பவும் திரும்பிடும். ஆனா விநாடிக்கு ஏழு மைல் வேகத்துல எறிஞ்சா திரும்பவே திரும்பாது.”

“திரும்பாதா?” கங்காணியின் புருவம் ஏறியது. போனவன் திரும்பாமல் இருப்பது அவர் தொழிலில் பெரிய விஷயம். “அப்படியே ஓடிப்போய்டுமா?”

“ஓடிப்போய்டும்.”

பின்னால் நின்றவர்களிடம் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள்.

“அந்த வேகம் இல்லாட்டி மண்ணு விடாதா வாத்தியாரே?” என்று கேட்டாள் முனியம்மா அக்கா.

“விடாது அக்கா. எவ்வளவு தூரம் போனாலும் பின்னாலயே புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும்.”

“நம்ம கங்காணியாராட்டம்.”

சிரிப்பு ஒன்று கிளம்பியது. கங்காணி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. ஆனால் அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மீசையை நீவிக்கொண்டார். பிறகு அவராகவே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“சரி. அந்த வேகம் என் நடைக்கு எவ்வளவு கூட? ரெண்டு மடங்கு வருமா? மூணு?”

வாய்க்குள் லட்டு வந்து விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்கைப் போட்டேன். ஏழை அறுபதால் பெருக்கி, மறுபடி அறுபதால் பெருக்கி, மூன்றால் வகுத்து, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

“எட்டாயிரத்து நானூறு மடங்கு ஐயா! அதாவது, உங்க நடை அந்த வேகத்துல எட்டாயிரத்து நானூறுல ஒரு பங்கு!”

நல்ல மார்க்கு வாங்கிய பையன் மாதிரி நிமிர்ந்து பார்த்தேன். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. பேராக்கிலேயே தன் நடைக்கு இணை இல்லை என்று இருந்த மனிதரிடம், அவருடைய ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முனியம்மா அக்காதான் அதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள்.

“ஆலமா! தெனமும் எங்கள ஆமை ஆமைன்னு பேசுனீங்களே கங்காணியாரே! வாத்தியார் கணக்குல நீங்களும் எங்க கூட்டந்தான் லா!”

அவ்வளவுதான். மலையே சிரித்தது. ஒரு கிழவர் காண்டாக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். எத்தனையோ வருஷத்துக் காலை நேரங்களுக்கும் சேர்த்து அவர்கள் சிரித்தார்கள். கங்காணியின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“படிச்ச புள்ள” என்றார் மெதுவாக. “நல்லாப் பேசுறீங்க. இப்ப இந்த ஆமை நடைக்கு ஈடு குடுத்து வாங்க பாப்போம். ஸ்டோர் வாசல்ல நான் திரும்பிப் பாக்கும்போது நீங்க பக்கத்துல இல்லன்னா, அப்படியே சிம்பாங் பூலாய்க்குப் போய்க்கிட்டே இருக்கலாம்.”

கிளம்பிவிட்டார். தடி ஒரு பக்கம் சுழல, கோட்டு வால் பறக்க அவர் அந்தச் சரிவில் இறங்கியதைப் பார்த்தபோதுதான் அதுவரை அவர் எனக்காக மெதுவாக நடந்திருக்கிறார் என்று தெரிந்தது. ‘பாக்கியம் போச்சு’ என்று நினைத்தேன். நினைத்ததும் கால் தானாக ஓட ஆரம்பித்தது.

முதல்நாள் மாலை மழை பெய்திருந்தது. சிவப்புக் களிமண் பாதை. ஸ்டோர் நேர் கீழே. முதல் வளைவில் வலது சப்பாத்து என்னைப் பிரிந்தது. இரண்டாவது வளைவில் நான் ஓடவில்லை, பாதைதான் என்னை இறக்கிக்கொண்டு போகிறது என்று தெரிந்தது. நிற்க நினைத்தேன், முடியவில்லை. ஒரு மாதமாகப் பூமியின் இழுப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவனுக்குப் பூமி அன்றைக்குத் தனியாகப் பாடம் நடத்தியது.

கங்காணி ஸ்டோர் வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த நொடி அவரைத் தாண்டியிருந்தேன். அங்கமுத்துக் கங்காணியை முந்தியவன் பேராக்கிலேயே நான் ஒருவன்தான். இதை என் பேரப்பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது. முந்திய வேகத்தில் நேராகப் போய், காலையிலிருந்து சேர்த்து வடிகட்டி வைத்திருந்த பால் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தேன்.

ரப்பர் பால் பார்க்கப் பசும்பால் மாதிரிதான் இருக்கும். எழுந்து நின்றபோது குளுமையாகக்கூட இருந்தது. வெயில் பட்டதும்தான் அது தன் குணத்தைக் காட்டியது. தலைமுடி ஒரே கட்டியாகிவிட்டது. இமையைப் பிரிக்க முடியவில்லை. விரலை விரித்தால் இழுத்து மூடிக்கொண்டது. நான் ஆசை ஆசையாக வளர்த்த மீசை உதட்டோடு சேர்ந்து தகடாக உறைந்துகொண்டிருந்தது.

“கிலா! சுத்தக் கிலா!” கங்காணியின் குரல் கேட்டது. (கிலா என்றால் பைத்தியம்.) “இவனுக்கா என் பொண்ணக் குடுப்பேன்? கூப்பிடு அந்தக் காதரை!”

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கண் திறக்காமலே எனக்கு அடையாளம் தெரிந்தது. கச்சான் கடையில் கேட்ட அதே சிரிப்பு. ஸ்டோருக்கு எதிரேதான் கங்காணி வீடு. பாக்கியம் தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு வந்திருந்தாள். அவள் எண்ணெயை ஊற்ற, முனியம்மா அக்கா என் முகத்தில் தேய்த்து உரித்தாள். மீசை முழுசாக அச்சுக் குலையாமல் உரிந்து அவள் கையோடு வந்தது. உயிர் போய் வந்தது. நான் கத்தவில்லை. (கத்தினேன் என்று பாக்கியம் சொல்வாள். நம்ப வேண்டாம்.)

வழியில் நடந்ததை முனியம்மா அக்கா உரித்துக்கொண்டே சொல்லி முடித்தாள். பாக்கியம் என்னைப் பார்க்காமல் எண்ணெய்க் குப்பியைப் பார்த்துக் கேட்டாள்.

“எதுக்கு அவ்வளவு வேகம்? நிலா வரைக்கும் ஒரு ஏணி இருந்தா மெதுவா ஏறிப் போக முடியாதா?”

“பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?” என்றார் கங்காணி.

யோசித்துப் பார்த்தேன். எறிந்த கொட்டைக்குத்தான் அந்த வேகமெல்லாம் வேண்டும், அதைப் பின்னாலிருந்து தள்ள யாரும் இல்லை. ஏணியில் ஏறுகிறவன் ஒவ்வோர் அடியிலும் தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறான். விட்டால்தானே விழுவான்? அந்தப் பத்திரிகையிலும் இப்படி ஏதோ போட்டிருந்தது, நான் புரியாத பாதியில் சேர்த்துவிட்டேன்.

“போலாம்” என்றேன். “ஏணி இருந்தா நடந்தே போலாம். வேகமே வேணாம்.”

கங்காணி சட்டென்று திரும்பினார். “நடந்தேவா? என் நடையிலயா?”

“உங்க நடையிலயே போலாம் ஐயா.” மனக்கணக்கு போட்டேன். நல்லவேளை, தலைக்குள் பால் இறங்கவில்லை. “ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மைல். மணிக்கு மூணு மைல்னு நிக்காம நடந்தா, ஒம்போது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.”

கங்காணி தடியை ஊன்றி நிலாவைப் பார்த்தார். அது மறையப் போய்க்கொண்டிருந்தது.

“ஒம்போது வருஷமா? அது மத்தவனுக்கு. நான் ஏழு வருஷத்துல போய்டுவேன் லா.”

“போனாலும் போவீங்க கங்காணியாரே” என்றாள் முனியம்மா அக்கா. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

கங்காணியின் மீசை மெல்ல மேலே ஏறியது. அது சிரிப்பு என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என் பக்கம் வந்து, உறைந்துபோன என் தலையைத் தடியால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது.

“ஆளு கிலாதான். ஆனா என்னை முந்தினான். பலகாரம் எடுத்துட்டு வா புள்ள.”

அன்றைக்கு நான் தின்ற அதிரசத்துக்கு ரப்பர் வாசனை. அதைவிட ருசியாக எதையும் நான் இன்றுவரை தின்றதில்லை. சந்தோஷத்தில் அழுதேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணத்தில் எனக்குத் தலையில் முடியும் இல்லை, முகத்தில் மீசையும் இல்லை. பால் கட்டியை எடுக்க மொட்டையடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மாமனார் தன் தலைப்பாகைகளில் ஒன்றை எடுத்து அவர் கையாலேயே எனக்குக் கட்டிவிட்டார். காதர் பாய் மட்டும் ஒற்றைச் சப்பாத்தை வைத்துக்கொண்டு, மற்றது எங்கே என்று பந்தி நடக்கும்போது கேட்டார். அதற்குப் பிறகு மாமனார் பெரட்டுக் களத்தில் யாரையும் ஆமை என்று திட்டவில்லை. “நட, நட! ஸ்டோருக்குத்தான் போறோம், நிலாவுக்கா போறோம்?” என்று மாற்றிக்கொண்டார். கேட்கிறவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. போன வருஷம் நிஜமாகவே மனிதன் நிலாவில் இறங்கினான். ஈப்போவில், சிலிபின் பக்கம் எங்கள் வீட்டில் காலையிலிருந்தே ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். பாக்கியம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளில் போனார்கள் என்று அங்கிருந்தே கேட்டாள். நாலு நாள் என்றேன். “அப்பா இருந்தா ஒத்துக்க மாட்டாரு” என்றாள். எனக்கும் அவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

ரேடியோவில் ஆங்கிலத்தில் சொன்னதை என் மகன் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். “கதவு தொறந்தாச்சு... வெளிய வாராரு... ஏணியில எறங்குறாரு...”

அடுப்படியில் துருவுகிற சத்தம் நின்றது.

“என்னது?”

“ஏணிம்மா. ஏணியில காலை வச்சு மெதுவா எறங்குறாராம்.”

பாக்கியம் தேங்காய் மூடியும் கையுமாக வாசற்படிக்கு வந்து நின்றாள். கச்சான் கடைக்காரரைப் பார்த்த அதே பார்வை.

“அன்னிக்கே சொன்னேன்ல? ஏணியக் கண்டுபுடிக்க இத்தனை வருஷமா இவங்களுக்கு? அநியாயமா இவரு மீசைதான் போச்சு!”